‘அண்ணே, இன்னைக்கு கடல் எப்படி இருக்கு?’

திருச்செந்தூரில் முருகனைக் கும்பிட்டுவிட்டு ராமேசுவரம் போகிறவர்களும், ராமேசுவரத்தில் தீர்த்தமாடிவிட்டுக் கன்னியாகுமரி போகிறவர்களும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சாயல்குடியைக் கடந்துதான் போகிறார்கள். வேனை ஓரங்கட்டிப் பதநீர் குடிப்பார்கள், கருப்பட்டி வாங்குவார்கள். அப்படியே, “பக்கத்துல குளிக்கிற மாதிரி கடல் இருக்கா?” என்று கேட்பார்கள். மாரியூர், மூக்கையூர், வாலிநோக்கம் என்று ஊர்க்காரர்களான நாம் கை காட்டுவோம். வழியைச் சொல்கிற நாம், அன்றைக்கு அந்தக் கடல் எப்படி இருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. வந்தவர்களுக்கும் அதைக் கேட்கத் தோன்றுவதில்லை. உயிரைக் காக்கக்கூடிய கேள்வி அதுதான்.

ஆண் கடல், பெண் கடல்

ராமேசுவரத்தை அடுத்த தனுஷ்கோடி மண்ணுக்கு இரண்டு பக்கமும் கடல். வடக்கே பாக் விரிகுடா, ஆழம் குறைந்தது, பெரும்பாலும் அடங்கிக் கிடப்பது. அதைப் பெண் கடல் என்பார்கள். தெற்கே மன்னார் வளைகுடா, அலை அடிப்பது. அது ஆண் கடல். சாயல்குடிப் பக்கத்து மாரியூர், மூக்கையூர் கரைகளெல்லாம் இந்தத் தெற்குக் கடலைப் பார்த்தவை.

பெயரை மட்டும் நம்பி இறங்கிவிடக் கூடாது. காற்று மாறினால் கடலின் குணமும் மாறும். தென்மேற்குக் காற்று வீசும் வைகாசி முதல் ஆவணி வரை தென்கடல் கொந்தளிக்கும். ஐப்பசிக்குப் பின் வாடை கிளம்பினால், சாதுவாகக் கிடந்த வடகடல் எழும்பி அடிக்கும். போன சித்திரையில் குளித்த அதே இடம் இந்த ஆடியில் வேறு கடலாக இருக்கும்.

இரண்டு கடலும் சேரும் அரிச்சல்முனையில் குளிக்கவே கூடாது. அங்கே மணல் நிலையாக நிற்பதில்லை. நீரோட்டம் அரித்துக்கொண்டே இருப்பதால், முழங்கால் அளவு நீரில் நிற்பவருக்கு அடுத்த அடியிலேயே பள்ளம் இருக்கலாம். படம் எடுக்கப் பின்னால் நகர்கிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

இரண்டு கூண்டுகள்

‘பாம்பனில் 1-ம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றம்’ என்று செய்தியில் படிக்கிறோம். மொத்தம் 11 எண்கள் உண்டு. ஒன்றும் இரண்டும், தொலைவில் கடலில் ஏதோ உருவாகிறது அல்லது உருவாகிவிட்டது என்று சொல்பவை. மூன்றும் நான்கும், துறைமுகப் பகுதிக்கே பலத்த காற்றும் மழையும் வரலாம் என்கிற எச்சரிக்கை. ஐந்து முதல் ஏழு வரை அபாயம், எட்டு முதல் பத்து வரை பெரும் அபாயம். பதினொன்று என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். சிறிய எண்தானே என்று கடலில் இறங்குவது தவறு. கூண்டு ஏறிய நாளில் கடலுக்குள் ஏற்கெனவே அசைவு தொடங்கியிருக்கும்.

ஜெர்மனியின் வடக்கே, எல்பே ஆறு கடலில் கலக்கும் இடத்தில் குக்ஸ்ஹாஃபன் என்றொரு நகரம் இருக்கிறது. அங்கே நீர் வற்றும் நேரத்தில் சுற்றுலாப் பயணிகள் கடல் தரையிலேயே சுமார் 10 கிலோமீட்டர் நடந்து நாய்வெர்க் தீவுக்குப் போகிறார்கள். நேரம் தப்பினால் கடல் திரும்பி வந்து சூழ்ந்துகொள்ளும். அப்படிச் சிக்கியவர்கள் ஏறித் தப்பிக்க, வழி நெடுகிலும் உயரமான கம்பங்களில் கூண்டுகள் வைத்திருக்கிறார்கள். அந்தக் கூண்டு ஆளை ஏற்றிக்கொள்ளும். பாம்பன் கூண்டு சேதியை மட்டும்தான் சொல்லும், தப்பிப்பது நம் பொறுப்பு.

கள்ளக்கடல்

கூண்டு ஏறாத, காற்றில்லாத, வெயிலடிக்கும் நாளிலும் கடல் ஏமாற்றும். இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எங்கோ எழுந்த புயலின் அலை, சில நாள் பயணப்பட்டு நம் கரையில் திடீரென்று ஏறும். திருடனைப்போல வருவதால் அதற்குக் கள்ளக்கடல் என்று பெயர். 2024 மே 6-ம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை இழுத்துப் போனது. கடல் சீற்றம் பற்றி முன்கூட்டியே எச்சரிக்கை வந்திருந்தது. ஹைதராபாத்தில் உள்ள கடல்சார் தகவல் சேவை மையம் வெளியிடும் இந்த அறிவிப்பு நாளிதழிலும் தொலைக்காட்சியிலும் வருகிறது. வீட்டை விட்டுக் கிளம்பும் முன் அதைப் பார்த்துவிடுங்கள்.

கரைக்கு வந்த பிறகு, கட்டிக் கிடக்கும் விசைப்படகுகளை வைத்துக் கடலைக் கணிக்க வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் அவற்றுக்குத் தடைக்காலம். நாட்டுப்படகுகளைப் பாருங்கள். அவையும் கடலுக்குப் போகாமல் கரையில் ஏறிக் கிடந்தால், கடலை அறிந்தவர்கள் கடலைத் தவிர்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இழுவையில் சிக்கினால்

அலைகள் உடையும் இடங்களுக்கு நடுவே ஓரிடம் மட்டும் அமைதியாகத் தெரியும். குளிக்கத் தோதான இடம் என்று நினைக்கத் தோன்றும். கரையேறிய நீர் திரும்பக் கடலுக்குப் பாயும் வாய்க்கால் அதுவாக இருக்கலாம். அதில் சிக்கியவர் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டால் களைத்துவிடுவார். மல்லாந்து மிதந்து மூச்சைக் காத்துக்கொண்டு, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுவையை விட்டு விலகிய பிறகே கரைக்குத் திரும்ப வேண்டும்.

கரையில் நிற்பவர்கள் நீந்தத் தெரியாமல் பின்னால் குதிக்கக் கூடாது. ஒருவரைக் காப்பாற்றப் போய் மூவரை இழந்த குடும்பங்கள் உண்டு. மூடி போட்ட காலிக் கேனோ கயிறோ வீசுங்கள். மீனவர்களைக் கூப்பிடுங்கள்.

திருக்கை மீன் மணலுக்குள் புதைந்து கிடக்கும். தண்ணீரில் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடந்தால் விலகிப் போய்விடும். முள் குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காலை வைத்து, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஜெல்லி மீன் பட்ட இடத்தைக் கடல்நீரால் கழுவுங்கள். நல்ல தண்ணீர் ஊற்றவோ, தேய்க்கவோ வேண்டாம்.

பாலம், சாலை, இடிபாடு

1988 அக்டோபர் 2-ல் திறந்த பாம்பன் சாலைப் பாலம் இரண்டு கிலோமீட்டருக்கும் அதிக நீளம். 2025 ஏப்ரல் 6-ல் திறக்கப்பட்ட புதிய ரயில் பாலத்தைப் பார்க்கும் ஆவலில், நடுப்பாலத்தில் வண்டியை நிறுத்தி இறங்குகிறார்கள். பின்னால் வரும் பேருந்துக்கு ஒதுங்க இடமில்லை. குறுக்குக் காற்றும் பலமாக அடிக்கும். மண்டபம் பக்கமோ பாம்பன் பக்கமோ பாலத்துக்கு வெளியே நிறுத்திவிட்டுப் பார்க்கலாம்.

முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனைக்குப் போகும் சாலை 2017-ல் திறக்கப்பட்டது. காற்றுக் காலத்தில் மணல் அதன் மேல் படியும், பைக் சறுக்கும். நிழல் கிடையாது, தண்ணீர் கொண்டு போக வேண்டும். இருட்டிய பின் அங்கே தங்க அனுமதி இல்லை. 1964 டிசம்பர் 22 இரவில் புயல் விழுங்கிய தனுஷ்கோடி ஊர் அந்தச் சாலையில்தான் இருக்கிறது. மிச்சமிருக்கும் தேவாலயச் சுவரும் ரயில் நிலையச் சுவரும் உப்புக் காற்றில் உதிர்ந்துகொண்டிருக்கின்றன. அவற்றின் மேல் ஏறாதீர்கள். அந்தப் புயலில் ரயிலோடு அடித்துச் செல்லப்பட்டவர்களின் நினைவிடமாகவும் அந்த ஊரைப் பாருங்கள்.

சாயல்குடிப் பக்கம் சாலை நேராக, ஆளரவமின்றிப் போகும். ஓட்டுநருக்குக் கண் அசரும். ஆடு மாடுகளும், திருச்செந்தூர்ப் பாதயாத்திரை போகிறவர்களும் அதே சாலையில்தான். இரவெல்லாம் ஓட்டி விடியலில் தரிசனம் என்ற திட்டத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

தீவும் பவளமும்

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. நம் கரைக்கு எதிரே உள்ள நல்லதண்ணித் தீவும் அதில் சேர்ந்ததே. பணம் கொடுத்தால் அந்தத் தீவுகளுக்குக் கூட்டிப் போகிறேன் என்பவரை நம்பி அனுமதியின்றிப் படகில் ஏறினால் வழக்கில் சிக்குவது நீங்கள். காரங்காடு, பிச்சைமூப்பன் வலசை போன்ற இடங்களில் வனத்துறையே படகு விடுகிறது. அதில் போகலாம், உயிர்காப்பு உடையைக் கழற்றாமல். பவளப் பாறை காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்தில் உச்சப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது. கரை ஒதுங்கிய துண்டையும் பையில் போடாதீர்கள், யாராவது விற்றாலும் வாங்காதீர்கள்.

குறித்துக்கொள்ள

எல்லா அவசரத்துக்கும் 112. ஆம்புலன்ஸ் 108. கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093. கடலோரக் காவல் படை 1554. மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077.

இந்த எண்களையெல்லாம் விட முன்னால் நிற்பவர் கரையில் வலை பின்னிக்கொண்டிருக்கும் மனிதர். “அண்ணே, இன்னைக்கு கடல் எப்படி இருக்கு?” என்று அவரிடம் கேளுங்கள். “எறங்காதீக” என்றால், காலை மட்டும் நனைத்துவிட்டுத் திரும்புங்கள். கை காட்டி வழி சொல்கிற நம் ஊர்க்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. யாரும் கேட்காவிட்டாலும், வழியோடு சேர்த்துக் கடலையும் சொல்லி அனுப்புவோம்.