ஒற்றைக் கொம்பும் ஒரு விளையாட்டு எஞ்சினும்

குகட்பள்ளியில் வளரும் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் பெரும்பாலும் வீட்டோடு சரி. அவர்களுக்கு எழுத்து கற்பிக்க, நம்மிடையே உள்ள சாப்ட்வேர்க்காரர் ஒருவர் கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்று செய்கிறார் என்று வையுங்கள். அதிலே 'பெயர்' என்பது 'பயெர்' என்று தெரிந்தால் என்ன ஆகும்? பிள்ளை தப்பையே பாடமாகப் படித்துவிடும். இந்தத் தப்பு எப்படி வருகிறது, எப்படித் திருத்தினார்கள் என்று, வியாபாரியான நான் படித்தறிந்த அளவில் சொல்கிறேன்.

விளையாட்டு எஞ்சின் என்பது படம், ஒலி, எழுத்து, அசைவு எல்லாவற்றையும் நடத்தித் தரும் அடிப்படை மென்பொருள். அவற்றில் ஒன்று 'கோடோ'. அர்ஜென்டினாவைச் சேர்ந்த ஹுவான் லினியட்ஸ்கி, ஏரியல் மன்சூர் இருவரும் உருவாக்கி, 2014-இல் மூலநிரலோடு உலகுக்குத் திறந்துவிட்டார்கள். விலையும் இல்லை, ராயல்டியும் இல்லை.

யூனிகோடில் 'பெ' என்று எழுதினால் முதலில் 'ப', அப்புறம்தான் ஒற்றைக் கொம்பு பதிவாகும். திரையில் காட்டும்போது கொம்பை முன்னே கொண்டுவர வேண்டும். கோடோவின் 3-ஆம் பதிப்பு, பதிவான வரிசைப்படியே ஒவ்வொன்றாக வரைந்தது. அதனால் 'ப'வின் கொம்பு அடுத்த 'ய'வுக்குப் போயிற்று. 2023 மார்ச்சில் வந்த 4.0 பதிப்பில், ஹார்ஃப்பஸ் என்னும் திறந்தமூல எழுத்தமைப்பு நிரலைச் சேர்த்தார்கள். கொம்பு தன் இடத்துக்கு வந்தது. இந்தி, அரபு எழுத்துகளுக்கும் இதே வழியில் விடிவு பிறந்தது.

அதே பதிப்பில் படம் வரையும் பகுதியையும் வல்கன் என்ற புது முறைக்கு மாற்றினார்கள். பழைய கம்ப்யூட்டர்களுக்கு ஓப்பன்ஜிஎல் வழியும் உண்டு. நொடிக்கு 60 படம் என்றால் ஒரு படத்துக்குக் கிடைப்பது சுமார் 16.7 மில்லிசெகண்டுதான். தீயோ புகையோ முதல் தடவை தோன்றும்போது, அதற்கான ஷேடர் என்னும் குறுநிரலை அந்த நேரத்தில்தான் தயார் செய்வது என்றால் ஆட்டம் திக்கி நிற்கும். 2025 மார்ச்சில் வந்த 4.4 பதிப்பு, ஒரு பொது ஷேடரால் உடனே வரைந்துவிட்டு, தனி ஷேடரைப் பின்னணியில் தயாரிக்கிறது. அளவெடுத்த சட்டை தைத்து வரும்வரை ரெடிமேட் போட்டுக்கொள்கிற மாதிரிதான்!

இனி, பிழை தேடும் கருவிகள். கணக்கு டேலி ஆகலேன்னா நாங்கள் என்ன செய்வோம்? பேரேட்டிலிருந்து நாளேட்டுக்குப் பின்னோக்கிப் போய், எந்தப் பதிவில் கோளாறு என்று பார்ப்போம். கோடோவிலும் அப்படியே. வேண்டிய வரியில் நிரலை நிறுத்தி வைத்து, ஒவ்வொரு மதிப்பையும் சரிபார்க்கலாம். எந்த வேலை எவ்வளவு நேரம் தின்கிறது என்று அளந்தும் காட்டும். ஆனால் விளையாட்டு வெளியே போய், யாரோ ஒருவர் கம்ப்யூட்டரில் தடுக்கினால்? 2025 செப்டம்பரில் வந்த 4.5 பதிப்பில், அதற்கான அமைப்பை இயக்கி வைத்தால், வெளியான விளையாட்டிலும் எந்த வரியில், எந்த வழியாகப் பிழை வந்தது என்ற தடம் கிடைக்கிறது.

சமணத்தில் ஆகாரம், அபயம், ஔஷதம், சாஸ்திரம் எனத் தானம் நான்கு. மூலநிரலைத் திறந்து வைப்பது சாஸ்திர தானத்தின் இன்றைய வடிவம் என்றே எனக்குப் படுகிறது. ஒருவர் திருத்தியது எல்லோருக்கும் பயன்படுகிறது. கொம்பு இடம் சேர்ந்ததும் அப்படித்தான். கருவி தயார். நம் பிள்ளைகளுக்கு அதில் ஒரு நல்ல தமிழ் விளையாட்டைச் செய்து கொடுக்க வேண்டியது இனி நம் வீட்டு இளைஞர்கள் பொறுப்பு.