சொட்டாத கசிவு

ஹூஸ்டனில் இருக்கும் வாசகர் ஒருவர் தன் பழைய காரைப் பற்றி எழுதியிருக்கிறார். 1972-ஆம் ஆண்டின் செவ்ரோலே நோவா, ஆட்டோமேட்டிக். கியர்பாக்ஸ் ஆயில் குறைந்துகொண்டே வருகிறதாம். ஊற்ற ஊற்றக் குடிக்கிறது, தரை மட்டும் காய்ந்தே கிடக்கிறது, எங்கேதான் போகிறது என்று கேட்கிறார். கியர்பாக்ஸை இறக்கிப் பிரித்தால்தான் தெரியும் என்று மெக்கானிக் சொல்லிவிட்டாராம். இறக்குவதற்கு முன்னால் கொஞ்சம் பொறுங்கள் என்று அவருக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பழைய ஆட்டோமேட்டிக் வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

அவர் காரில் இருப்பது டர்போ ஹைட்ராமேட்டிக் 350. ஜெனரல் மோட்டார்ஸ் 1969 மாடல் கார்களுக்குக் கொண்டுவந்த மூன்று கியர் பெட்டி. 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபீலில் ஹைட்ராமேட்டிக் என்று தொடங்கிய வரிசையில் வந்தது. எந்த கியர், எப்போது என்று தீர்மானிக்க இதில் கம்ப்யூட்டர் கிடையாது. ஆயிலின் அழுத்தம், வால்வுகள், ஸ்பிரிங்குகள், அவ்வளவுதான். அந்த எளிமையால்தான் வீட்டு வாசலில் மல்லாந்து படுத்தே இதன் கசிவுகளில் பாதிக்கு மேல் சரிசெய்ய முடிகிறது. ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் ஒருபோதும் போகாதீர்கள். சமதளத்தில் ஸ்டாண்டு கொடுத்து, தரையில் இருக்கும் சக்கரங்களுக்குக் கட்டை வைத்த பிறகுதான் தலையை உள்ளே விட வேண்டும்.

ஈரம் கண்ட இடத்தில் உடனே ஸ்பானரை வைக்கக் கூடாது. நான் வளர்ந்த ஓட்டு வீட்டில் மழை பெய்தால் அடுப்படியில் ஒழுகும். ஏறிப் பார்த்தால் ஓடு உடைந்திருப்பது கூடத்துக்கு மேலே. தண்ணீர் கைமரத்தைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து தாழ்ந்த இடத்தில் சொட்டியிருக்கும். கியர்பாக்ஸிலும் அப்படித்தான். போதாததற்கு, கார் ஓடும்போது காற்று ஆயிலைப் பின்பக்கம் தள்ளிவிடுகிறது. அதனால் முதலில் எல்லாவற்றையும் கழுவித் துடைத்துக் காயவிடுங்கள். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து, ஈரத்திலேயே மிக மேலேயும் மிக முன்னேயும் இருப்பது எது என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஊற்று அங்கேதான். ராத்திரி அடியில் ஓர் அட்டையை விரித்து வையுங்கள். சிவப்பாக விழுந்தால் கியர்பாக்ஸ்; கறுப்பாக விழுந்தால் எஞ்சின் ஆயில்.

எப்போது கசிகிறது என்பதும் ஒரு துப்பு. கார் பல நாள் நின்றால், எஞ்சினின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வர்ட்டருக்குள் இருக்கும் ஆயில் மெல்ல இறங்கி அடித்தட்டில் சேர்ந்து மட்டம் உயர்கிறது. நின்ற காரில் மட்டும் கசிவு தெரிந்தால், கியர் லிவரோடு இணைந்த குறுக்குத் தண்டின் சீலையும் டிப்ஸ்டிக் குழாயின் அடி சீலையும் சந்தேகப்படுங்கள். ஓடும்போது மட்டும் கசிந்தால் அழுத்தம் ஏறும் இடங்களைப் பாருங்கள். அளவுக்கு மேல் ஆயில் ஊற்றினாலும் உள்ளே நுரைத்து மூச்சுத்துளை வழியாக வெளியே தள்ளும். அதைக் கசிவென்று நினைத்து சீல் மாற்றியவர்கள் உண்டு. இந்தப் பெட்டியில் எஞ்சின் சூடாகி ஐடிலில் ஓடும்போது, லிவரை பார்க்கில் வைத்து மட்டம் பார்ப்பதுதான் முறை.

அடித்தட்டை 13 போல்ட்கள் பிடித்திருக்கின்றன. ஒழுகுகிறதே என்று இறுக்கிக்கொண்டே போவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. போல்ட்டைச் சுற்றித் தகடு உள்வாங்கிக் குழியாகிவிடும், நடுவில் இடைவெளி விழும், கசிவு கூடும். தட்டைக் கழற்றி, விளிம்பை மரக்கட்டையில் வைத்துச் சுத்தியலால் மெதுவாகத் தட்டிச் சமன் செய்து, புது கேஸ்கெட் வைத்துச் சுமார் 12 அடி-பவுண்டுக்கு இறுக்கினால் போதும். சிலிக்கான் பசையை அள்ளிப் பூசாதீர்கள். பிதுங்கிய துணுக்கு வால்வுகளுக்குள் போனால் கசிவைவிடப் பெரிய செலவு. பின்முனை சீலை மாற்ற ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றினால் போதும். முன்பக்கப் பம்ப் சீல் போன்றவற்றுக்குத்தான் கியர்பாக்ஸை இறக்கியே ஆக வேண்டும்.

இனி வாசகரின் புதிருக்கு வருகிறேன். இந்தப் பெட்டியிலேயே எனக்கு மிகவும் பிடித்த பாகம் அதில்தான் இருக்கிறது. கியர்பாக்ஸின் வலது பக்கம், பின்புறமாக, ஒரு சின்னத் தகரக் குப்பி ஒற்றை போல்ட்டில் நிற்கும். அதன் பெயர் வேக்கம் மாடுலேட்டர். எஞ்சினின் இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வந்து ரப்பர் துண்டு வழியாக அதில் சேர்கிறது. உள்ளே ஒரு ரப்பர் டயாஃப்ரம். ஒரு பக்கம் எஞ்சினின் வெற்றிடம், மறுபக்கம் கியர்பாக்ஸ். ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தால் வெற்றிடம் அதிகம். கியர்கள் சீக்கிரமாக, மென்மையாக மாறும். அழுத்தி மிதித்தால் வெற்றிடம் குறையும். கியர் தாமதமாக, உறுதியாக விழும். எஞ்சின் எவ்வளவு சுமை இழுக்கிறது என்பதை ஒரு ஒயர்கூட இல்லாமல், மூச்சை வைத்தே கியர்பாக்ஸ் தெரிந்துகொள்கிறது. இதை வடிவமைத்தவர்களின் மூளையை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புத்தான்.

அந்த டயாஃப்ரம் வயதாகிக் கிழியும்போது, எஞ்சினின் வெற்றிடம் கியர்பாக்ஸ் ஆயிலை அதே குழாய் வழியாக உறிஞ்சிக்கொள்கிறது. ஆயில் எஞ்சினுக்குள் போய் எரிந்து சைலன்சர் வழியாக வெண்புகையாக வெளியேறுகிறது. தரையில் எப்படி விழும்? ஐடிலில் நின்றிருக்கும்போதும் ஆக்சிலரேட்டரை விட்டு வேகம் தணியும்போதும்தான் வெற்றிடம் உச்சத்தில் இருக்கும். ஆகவே சிக்னலில் நின்று கிளம்பும்போது புகை அடர்த்தியாகத் தெரியும். சோதிப்பது சுலபம். எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, மாடுலேட்டரில் இருக்கும் ரப்பர் குழாயை உருவி உள்ளே பாருங்கள். அங்கே ஆயிலுக்கு வேலையே இல்லை. சிவப்பு ஈரம் இருந்தால் குற்றவாளி அகப்பட்டுவிட்டது. போல்ட்டைக் கழற்றி, கவ்வியை எடுத்து, குப்பியை இழுத்தால் வந்துவிடும். அதன் பின்னால் இருக்கும் சின்ன வால்வு நழுவி விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புது மாடுலேட்டரை ஓ-ரிங்கோடு பொருத்தி, ரப்பர் குழாய் வெடித்திருந்தால் அதையும் மாற்றி, குறைந்த ஆயிலை ஊற்றுங்கள். கியர்பாக்ஸை இறக்க வேண்டிய அவசியமே இல்லை. குழாய் காய்ந்திருந்தால் அடுத்து ரேடியேட்டரைத் திறந்து பாருங்கள். ஆயிலைக் குளிர்விக்கும் குழல் அதற்குள்தான் போகிறது. அது ஓட்டையானால் ஆயிலும் தண்ணீரும் கலந்து இளஞ்சிவப்புப் பாலாகத் திரண்டு நிற்கும்.

இதைப் பார்க்காமல் விட்டால் என்ன ஆகும்? மட்டம் இறங்கிப் பம்ப் காற்றை இழுக்கும், கிளட்ச் தகடுகள் வழுக்கிக் கருகும். சின்ன ரப்பர் சவ்வுக்காக முழுப் பெட்டியும் போகும். கசிவை நிறுத்துவதாக பாட்டிலில் விற்கும் திரவங்களை நான் சிபாரிசு செய்வதில்லை. இறுகிய சீலை ஊறவைத்துக் கொஞ்ச நாள் தள்ளிப்போட அவற்றால் முடியும். கிழிந்த டயாஃப்ரத்தைத் தைக்க முடியாது. சிவப்பாக இருக்கும் எந்த ஆயிலையும் ஊற்றுவதும் கூடாது. இந்தப் பெட்டிக்கு டெக்ஸ்ரான் வகை. கிளட்ச் தகடுகள் எவ்வளவு வழுக்க வேண்டும், எப்போது பிடிக்க வேண்டும் என்பதே ஆயிலின் கலவையைப் பொறுத்தது.

அந்த வழுக்கலுக்காக ஒரு காலத்தில் ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெயைக் கலந்தார்கள். 1970-இல் அமெரிக்கா அந்தத் திமிங்கிலத்தை அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் பட்டியலில் சேர்த்த பிறகுதான் வேதியியலாளர்கள் மாற்றுக் கண்டார்கள். மாற்று இருந்திருக்கிறது; தேட வைக்க ஒரு சட்டம் வேண்டியிருந்தது.

நாம் இன்று செய்யக்கூடியதற்குச் சட்டம்கூட வேண்டாம். அடித்தட்டைக் கழற்றினால் ஏறத்தாழ மூன்று லிட்டர் பழைய ஆயில் வரும். ஒருமுறை மாற்றும் எஞ்சின் ஆயிலே 10 லட்சம் காலன் நன்னீரைக் கெடுத்துவிடும் என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. கியர்பாக்ஸ் ஆயிலும் மண்ணுக்கு உறவல்ல. மூடியுள்ள கேனில் பிடித்து, பழைய ஆயிலை வாங்கிக்கொள்ளும் உதிரிபாகக் கடையில் கொடுங்கள். சாக்கடையில் ஊற்றினால் அது ஆற்றுக்குப் போகும். குழி தோண்டி ஊற்றினால் கிணற்றுக்குப் போகும். கார் வைத்திருப்பவருக்கு அதன் கசிவுக்கும் பொறுப்பு உண்டு. அது தரையில் சொட்டினாலும் சரி, புகையாகப் போனாலும் சரி.