முதுகைத் தாங்கும் காற்றுப் பை

"சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும்" என்பது நம் முன்னோர் வாக்கு. நம் உடலாகிய சுவரைத் தாங்கி நிற்கும் தூண் முதுகெலும்பு. அந்தத் தூணுக்கே ஒரு தாங்கல் தேவைப்பட்டால்? அதற்காகவே சில கார்களின் இருக்கைக்குள் மின்சாரத்தால் இயங்கும் தாங்கல் ஒன்றை அமைத்திருக்கிறார்கள். அது பழுதானபோது சரிசெய்யப்பட்ட விதத்தை நேரில் காணும் வாய்ப்பு எங்களுக்குக் கிடைத்தது. அதையே இங்கு எழுதுகிறோம்.

எங்கள் தோழி ஒருத்தியின் சித்தப்பா ஸ்ரீரங்கத்தில் வசிக்கிறார். இருவர் மட்டுமே அமரக்கூடிய பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை ஆசையோடு வாங்கி வைத்திருக்கிறார். நாள்தோறும் அதில்தான் காவிரிப் பாலத்தைக் கடந்து திருச்சிக்கு வேலைக்குச் செல்வார். இருக்கையின் பக்கத்தில் உள்ள பொத்தானை அழுத்தினால், கீழ்முதுகு சாயும் இடத்தில் இருக்கை மெல்ல உப்பிக் கொடுக்கும். ஒரு நாள் அது உப்பவில்லை. சிறிய விஷயம்தானே என்று விட்டுவிட்டார். ஒரு மாதத்திற்குள் இடுப்பைப் பிடித்துக்கொண்டே காரிலிருந்து இறங்கும் நிலை வந்துவிட்டது. ஓரிடத்தில் காட்டியபோது, சாய்மானம் முழுவதையும் மாற்ற வேண்டுமென்று பெருந்தொகை கேட்டார்களாம். காரையே விற்றுவிடலாமா என்று யோசித்தவர், கடைசி முயற்சியாகத் திருச்சியில் ஒரு சிறிய பட்டறைக்கு அதைக் கொண்டு போனார். அன்று சனிக்கிழமை. நாங்கள் நால்வரும் உடன் சென்றோம்.

ஒரு சிறிய காற்றுப் பை பழுதானதற்கா இவ்வளவு துன்பம் என்ற ஐயம் எழலாம். நம் முதுகெலும்பு நேர்க்கோடு அன்று. கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, கீழ்முதுகில் 5 என அடுக்கப்பட்ட எலும்புகள் மென்மையான வளைவுகளோடு அமைந்துள்ளன. கீழ்முதுகின் வளைவு முன்னோக்கிக் குழிந்தது. நாம் உட்காரும்போது இடுப்பெலும்பு பின்னால் சரிய, அந்தக் குழிவு தட்டையாகிவிடுகிறது. அப்போது எலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் தட்டுகள் அழுந்துகின்றன. ஸ்வீடன் நாட்டு மருத்துவர்களான நாகெம்சனும் ஆண்டர்சனும் இத்தட்டுகளில் ஏற்படும் அழுத்தத்தையே அளந்து பார்த்தவர்கள். தாங்கல் இல்லாமல் உட்காரும்போது, நிற்கும்போது இருப்பதைவிட அழுத்தம் மிகுதி என்றும், சாய்மானமும் கீழ்முதுகுத் தாங்கலும் அதைக் குறைக்கும் என்றும் 1970களில் அவர்கள் காட்டினர். ஸ்போர்ட்ஸ் காரிலோ இருக்கை மிகத் தாழ்வு. கால்களை நீட்டியே அமர வேண்டும். ஆகவே இடுப்பு மேலும் எளிதாகச் சரியும்.

இனி அதன் அமைப்பைக் காண்போம். சாய்மானத்தின் உள்ளே, கீழ்முதுகுக்கு நேராக, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு காற்றுப் பைகள். காற்றை அனுப்ப 12 வோல்ட் மின்சாரத்தில் ஓடும் கையளவுப் பம்பு. எந்தப் பைக்குக் காற்றுப் போக வேண்டும், எதிலிருந்து வெளியேற வேண்டும் என்பதை முடிவு செய்யும் வால்வுகள். இவற்றை இணைக்கும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய்கள். இவற்றோடு பொத்தான், ஒயர், ஃப்யூஸ். வேறு சில கார்களில் பைகளுக்குப் பதிலாக, மோட்டார் ஒரு கம்பியை இழுத்து ஒரு தகட்டை வில்போல் வளைக்கும்.

பட்டறை அண்ணன் நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, "எது கெட்டுச்சுன்னு தெரியாம எதை சார் மாத்துறது?" என்றார். பிறகு எங்களை அமைதியாக இருக்கச் சொல்லிப் பொத்தானை அழுத்தினார். இருக்கைக்குள்ளிருந்து 'ர்ர்ர்' என்ற மெல்லிய ஒலி கேட்டது. "பாதி வேலை முடிஞ்சுது" என்று சிரித்தார்.

எப்படி? அவர் விளக்கியது இதுதான். பொத்தானை அழுத்தியும் ஒலியே இல்லை என்றால் குறை மின்சாரத்தில் இருக்கலாம். முதலில் ஃப்யூஸைப் பார்க்க வேண்டும். பிறகு பம்பின் இணைப்பில் மீட்டரை வைத்து 12 வோல்ட் வருகிறதா என்று அறிய வேண்டும். வந்தால் பம்பு பழுது. வராவிட்டால் பொத்தானோ ஒயரோ பழுது. இருக்கை முன்னும் பின்னும் நகரும்போது ஒயர்கள் மடங்கி மடங்கி அறுந்துபோவதும் உண்டு. பம்பு ஓடியும் பை உப்பவில்லை என்றால், காற்று வழியில் எங்கோ கசிகிறது அல்லது வால்வு திறக்கவில்லை. உப்பிய பை சிறிது நேரத்தில் அமுங்கிவிட்டால் அது சிறு கசிவு. உப்பிய பை அமுங்கவே மறுத்தால், காற்றை வெளியேற்றும் வால்வு அடைத்துக்கொண்டது. இப்படி ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே வந்தால் குற்றவாளி தானே அகப்படும்!

இருக்கையைக் கழற்றும் முன் அவர் செய்த ஒன்றை நாங்கள் மறக்கவே மாட்டோம். பாட்டரியின் நெகடிவ் ஒயரைக் கழற்றி வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். அந்தச் சாய்மானத்தின் ஓரத்தில் விபத்துக் காலத்தில் வெடித்து விரியும் ஏர்பேக் இருக்கிறது. பாட்டரியைக் கழற்றிய பிறகும் சிறிது நேரம் அதில் மின்சாரம் தங்கியிருக்கும். எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டுமென்று அந்தந்தக் காரின் கையேட்டில் கண்டிருக்கும். ஏர்பேக் ஒயரில் மீட்டரை வைத்துச் சோதிக்கவே கூடாது. பழகாதவர்கள் இந்த வேலையில் இறங்கக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

நான்கு போல்ட்டுகளைக் கழற்றி, இருக்கையை வெளியே எடுத்து, பின்பக்க மூடியை நீக்கினார். காற்றுப் பைகளை எங்கள் கண்ணால் பார்த்தோம். பாட்டரியிலிருந்து ஒயர் கொடுத்துப் பம்பை ஓடவிட்டு, சோப்பு நீரைத் தூரிகையால் குழாய்கள்மேல் தடவினார். குழாய் வால்வோடு சேரும் இடத்தில் நுரை மொட்டு மொட்டாகப் பொங்கியது! எங்களில் ஒருத்தியின் தந்தை பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை செய்பவர். ரயிலின் காற்று பிரேக் குழாய்களில் கசிவைக் கண்டுபிடிக்கவும் சோப்பு நீர்தான் தடவுவார்கள் என்று அவள் சொன்னாள். தெருவோரப் பஞ்சர் கடையில் தண்ணீர்த் தொட்டியில் சைக்கிள் ட்யூபை அமுக்குவதும் இதே தத்துவம் அல்லவா?

வெயிலில் ஆண்டுக்கணக்கில் காய்ந்து, குழாயின் முனை விறைத்து வெடித்திருந்தது. வெடித்த பகுதியை வெட்டி எறிந்து, நல்ல முனையை வால்வின் மூக்கில் அழுத்திச் செருகினார். செலவு, அவருடைய கூலி மட்டுமே! பையே கிழிந்திருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டோம். "இந்தப் பை ரப்பர் இல்லம்மா. சைக்கிள் சொல்யூஷன் இதுல நிக்காது. பாலியூரித்தேனுக்குன்னு இருக்கிற பசை வேணும். இல்லேன்னா பையை மட்டும் மாத்தணும். முழு சீட்டையும் மாத்த வேண்டாம்" என்றார். பைகளை உப்பவைத்து, நாங்கள் தேநீர் அருந்தித் திரும்பும் வரை அப்படியே விட்டு, அமுங்கவில்லை என்று கண்ட பிறகே இருக்கையைப் பொருத்தினார். போல்ட்டுகளைக் கைப்போக்கில் முறுக்காமல், குறித்த அளவுக்கு டார்க் ஸ்பானரால் முறுக்கினார். ஏர்பேக்கின் இணைப்பைச் செருகிய பிறகே பாட்டரியை இணைத்தார். விபத்தில் ஓட்டுநரைப் பிடித்து நிறுத்துவதில் இருக்கைக்கும் பங்கு உண்டு அல்லவா?

திரும்பும் வழியில் காவிரிப் பாலத்தைக் கடந்தோம். 1976-இல் திறக்கப்பட்ட அப்பாலத்தின் இணைப்புகள் தேய்ந்து, வண்டிகள் தூக்கித் தூக்கிப் போட்ட காலம் எங்களுக்கு நினைவிருக்கிறது. 2022 இறுதியில் பாலத்தை மூடிச் சில மாதங்கள் பழுதுபார்த்தபோது, இணைப்புகளையும் தாங்கிகளையுமே கவனித்தார்கள். பாலமானாலும் முதுகானாலும் முதலில் தேய்வது இணைப்புகள்தாம். ஆனால் பாலத்தின் தாங்கியை மாற்றுவதுபோல் முதுகின் தட்டை எளிதில் மாற்ற முடியுமா?

சித்தப்பாவின் வலி ஒரே நாளில் தீர்ந்துவிடவில்லை. மருத்துவர் சொன்ன உடற்பயிற்சியைச் செய்து, சில வாரங்களில் தேறினார். "முதல் நாளே கவனித்திருக்கலாம்" என்று இப்போதும் சொல்லிக்கொள்கிறார்.

தோழியரே! நம்மில் பலருக்கு ஸ்போர்ட்ஸ் கார் இல்லாமல் இருக்கலாம். முதுகு எல்லோருக்கும் உண்டு. நாள் முழுதும் பேருந்து ஓட்டுபவருக்கும், தையல் இயந்திரத்தின் முன் குனிந்திருக்கும் அம்மாவுக்கும், தேர்வுக்காக இரவு நெடுநேரம் படிக்கும் நமக்கும் அதே ஐந்து எலும்புகள்தாம். ஒரு துண்டைச் சுருட்டிக் கீழ்முதுகின் குழிவில் வைத்துச் சாய்ந்து உட்காருங்கள். பம்பும் வால்வும் சேர்ந்து செய்யும் வேலையில் பெரும்பகுதியை அந்தத் துண்டு செய்துவிடும். அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். வலி என்பது உடல் எழுப்பும் ஒலி. அந்த அண்ணன் இருக்கைக்குள் எழுந்த ஒலியைக் காது கொடுத்துக் கேட்டதுபோல், நாமும் அதைத் தொடக்கத்திலேயே கேட்போம்!