தேய்மானத்தை எதிர்பார்த்த துவக்கு

சப்ரகமுவ மாகாணத்து இறப்பர்த் தோட்டங்களில் வாழ்வோர் பால்வெட்டுக் கத்தியை நன்கறிவர். தீட்டத் தீட்ட அதன் வாய் தேய்ந்து, ஈற்றில் கத்தியே பயனற்றுப் போகின்றது. உழைக்கும் இரும்பு தேயாதிராது. ஆயினும், தேயப்போகும் இடத்தை முன்னரே அறிந்து செய்த கருவி நெடுநாள் நிலைக்கும். 'திரீ நாட் திரீ' எனப்படும் லீ என்ஃபீல்டு துவக்கு இதற்கொரு சான்றாகும்.

பிரித்தானியப் படைகள் 1895இல் ஏற்றுக்கொண்ட துவக்கு இது. 1971 ஏப்ரலில் கேகாலை மாவட்டத்துப் பொலிஸ் நிலையங்கள் கிளர்ச்சியாளரால் தாக்கப்பட்டபோதும் பொலிஸாரின் ஆயுதங்களுள் இவ்வினமும் இருந்தது. இத்துணைக் காலம் அது உழைத்தது எவ்வாறு?

முதலில் தேய்வது குழல். முந்திய லீ மெற்போர்ட் துவக்கின் குழலுள் ஆழமற்ற சுழற்பள்ளங்களே இருந்தன. கோடைற் என்னும் புதிய வெடிமருந்தின் கடும் வெப்பத்தில் அவை விரைவில் அழிந்தன. எனவே என்ஃபீல்டு தொழிற்சாலையார் ஆழமான ஐந்து பள்ளங்களை வெட்டினர்.

அடுத்தது தாழ். கதவுத் தாழ்ப்பாளைப் போல முன்னும் பின்னும் ஓடும் இவ்வுருக்குத் தண்டு, தோட்டாவைக் குழலினுள் தள்ளி அடைத்து நிற்கும். ஜேம்ஸ் பாரிஸ் லீ என்பவர் அதன் பூட்டுப் பற்களைப் பின்புறத்தில் வைத்தார். அதனால் தாழ் விரைவாக இயங்கிற்று. ஆனால் ஒவ்வொரு வெடியிலும் தாழ் சிறிதே நெரியும். பல்லாண்டுகளில் பற்கள் தேய்ந்து, தாழுக்கும் தோட்டாவுக்குமிடையே இடைவெளி கூடும். வெடிக்கும்போது தோட்டாவின் பித்தளைக் கூடு நீண்டு கிழியவுங்கூடும். இதற்கு மாற்றும் அமைப்பிலேயே இருந்தது. தாழின் தலை, திருகிக் கழற்றத்தக்க தனி உறுப்பாகும். பிற்காலத்து நான்காம் இலக்கத் துவக்கில் அது 0 முதல் 3 வரை நான்கு அளவுகளில் கிடைத்தது. தேய்வு மிகுந்தால் சற்று நீண்ட தலையைப் பூட்டினாற் போதும். முழுத் துவக்கையும் வீசவேண்டியதில்லை.

இரத்தினபுரி போன்ற மழைநாட்டில் துருவே பெரும் பகை. பழைய தோட்டாக்களின் பற்றுமருந்து எரிந்தபின் குழலில் உப்பைப் படியவிடும்; உப்பு ஈரத்தை ஈர்க்கும். ஆகவே கொதிநீர் ஊற்றிக் கழுவி, உலர்த்தி, எண்ணெய் பூசுவது படைவீரர் வழக்கமாயிற்று.

இத்திறன் கொலைக்கருவிக்குச் செலவானதே என்று நாம் வருந்துகின்றோம். 1971இல் இரு தரப்பிலும் மாண்டோர் பலர் இளைஞரே. தேய்ந்த தாழுக்கு மாற்றுத் தலை உண்டு. மாண்ட மகனுக்கு மாற்றில்லை. நாளை பொறி செய்யப்போகும் மாணவர்கள் இத்துவக்கின் நுட்பத்தைக் கற்கட்டும். அதனைப் பால்வெட்டுக் கத்திக்கும் தேயிலை ஆலைக்கும் பயன்படுத்தட்டும்.