களைக்கொல்லிக்கு ஆயுள் தரும் மூடாக்கு

அமெரிக்காவில் சோயா பயிரிடுகிறவர்களை இன்று அதிகம் அலைக்கழிப்பது கீரைக் குடும்பத்துக் களைகள். நம் ஊர் முளைக்கீரைக்கும் முள்ளுக்கீரைக்கும் உறவான பால்மர் அமராந்த், வாட்டர்ஹெம்ப் என்ற இரண்டும் அங்கே ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து சோயாவை அமுக்கிவிடுகின்றன. கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைத் தாங்கும் மரபணு மாற்ற சோயா 1996-ல் வந்தபோது, களைத் தொல்லை ஒழிந்தது என்றே பலரும் நம்பினார்கள். பயிரின் மேலேயே மருந்தடிக்கலாம். சோயா நிற்கும், களை சாகும். ஒரே மருந்தைக் கோடிக்கணக்கான ஏக்கரில் ஆண்டுதோறும் அடித்ததில், 2005 வாக்கில் ஜார்ஜியாவில் பால்மரும் மிசௌரியில் வாட்டர்ஹெம்பும் அதற்கு அசையாமல் நின்றன. மருந்து எந்த நொதியைத் தாக்குகிறதோ, அதற்கான மரபணுவையே பால்மர் நூறு மடங்குக்கு மேல்கூடப் பெருக்கிக்கொண்டிருந்தது.

எதிர்ப்புத்தன்மை என்பது அடிப்படையில் எண்ணிக்கைக் கணக்கு. பத்து லட்சம் செடிகளில் ஒன்றுக்கு அந்தத் தன்மை இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு கோடி நாற்றுகள் மேல் மருந்து அடித்தால் பத்து தப்பும். பத்து லட்சத்தின் மேல் அடித்தால் ஒன்று. ஒரு பெண் செடி லட்சக்கணக்கில் விதை உதிர்க்கும் என்பதால் அந்த ஒன்பது செடி வித்தியாசம் சாதாரணமானதல்ல. ஆகவே எந்த மருந்து அடிப்பது என்பதற்கு முன்னால், எத்தனை களை மருந்தின் முன் வந்து நிற்கிறது என்று கேட்க வேண்டும். மூடுபயிரின் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

மக்காச்சோளம் அறுத்த கையோடு, இலையுதிர்காலத்தில் மூடுபயிராக ரை விதைக்கிறார்கள். கோதுமைக்கு உறவான இந்தத் தானியம் பனிக்காலத்தைத் தாங்கி, வசந்தத்தில் மளமளவென உயரும். அதைக் கொன்று, தாளை நிலத்தின் மேலேயே விட்டு, ஊடே சோயாவை ஊன்றுகிறார்கள். தக்கைப்பூண்டை நாம் மடக்கி உழுவது மண்ணுக்கு உரமாக. இங்கே மடக்கி உழுதால் காரியமே கெட்டுவிடும். அந்தத் தாளை விலக்கிப் பார்த்தால் காரணம் புரியும். பால்மர் விதை ஒரு மில்லிமீட்டர் அளவுதான். வெளிச்சமும், பகலிரவு வெப்பத்தின் ஏற்ற இறக்கமும்தான் அதைத் தட்டி எழுப்புகின்றன. தாள் மூடிய மண்ணில் இரண்டுமே குறைவு. மீறி முளைத்தாலும், கனத்த தாளைத் துளைத்து வெளியே வர அந்தப் பொடி விதையில் சேமிப்பு போதாது. சோயாவின் பருத்த விதைக்கு அந்தச் சிரமம் இல்லை.

அப்படியானால் மருந்தே வேண்டாமே என்று கேட்கலாம். வேண்டும் என்பதே என் முடிவு. களை நன்றாக அடங்க ஹெக்டேருக்குச் சுமார் 8 டன் உலர்தாள் தேவை. எல்லா ஆண்டும் அவ்வளவு கிடைக்காது. கிடைத்தாலும் தாள் மட்கிவிடும், வாட்டர்ஹெம்போ ஆகஸ்ட் வரை முளைத்துக்கொண்டே இருக்கும். பருவத்தின் அந்தப் பின்பாதியைப் பிடிக்க மருந்துதான் கைகொடுக்கும். களை 10 சென்டிமீட்டரைத் தாண்டுவதற்குள் அடித்தால்தான் மருந்து பிடிக்கும். நல்ல வெயிலில் பால்மர் நாளுக்கு 5 சென்டிமீட்டர்கூட வளரும். இரண்டு நாள் மழை பெய்தால் தருணம் தவறிவிடும். மூடாக்கின் கீழிருந்து களை குறைவாகவும் தாமதமாகவும் வருவதால், விவசாயிக்கு அந்தச் சில நாள் அவகாசம் கிடைக்கிறது.

இந்த முறைக்கு எழும் மறுப்புகளில் நியாயம் இருக்கிறது. மண்ணில் படிய வேண்டிய மருந்தில் ஒரு பங்கைத் தாள் தடுத்துக்கொள்கிறது. அடுத்து வரும் மழைதான் அதைக் கீழே இறக்க வேண்டும். வறண்ட வசந்தத்தில் ரை ஈரத்தைக் குடித்துவிடும். அப்போது முன்கூட்டியே கொன்று, குறைந்த தாளோடு திருப்திப்பட வேண்டியதுதான். ரை மண்ணின் தழைச்சத்தைக் கட்டிப்போடுவதும் உண்மை. மக்காச்சோளத்துக்கு அது அடி. வேர்முடிச்சில் தன் தழைச்சத்தைத் தானே தேடிக்கொள்ளும் சோயாவுக்குப் பெரிய பாதிப்பில்லை. புதிய மருந்துகள் வந்தால் போதும் என்கிற வாதத்தை மட்டும் ஏற்க முடியவில்லை. டைகாம்பாவைத் தாங்கும் சோயா வந்தது. 2017-ல் அந்த மருந்து காற்றில் பரவி அக்கம்பக்கத்து வயல்களைச் சேதப்படுத்தியது. 2020-லும் 2024-லும் நீதிமன்றங்கள் அதன் அனுமதியை ரத்து செய்தன.

ரை விதைக்கும் கூலிக்கும் ஆகும் செலவு முதல் ஆண்டு விளைச்சலில் திரும்பாமல் போகலாம். வரவு மண்ணுக்குள் இருக்கிறது. இந்தக் கீரைக் களைகளின் விதைகளில் பெரும்பகுதி சில ஆண்டுகளிலேயே மண்ணில் செத்துவிடும். புது விதை உதிராமல் தொடர்ந்து மூன்று, நான்கு ஆண்டுகள் காத்தால் இருப்பு கரைந்துவிடும். தாளையும் மருந்தையும் தாண்டி நிற்கிற ஒற்றைப் பெண் செடியை, விதை முற்றும் முன் பிடுங்கி வயலுக்கு வெளியே போடுகிற வேலை மட்டும் அப்போதும் இருக்கும்.