தீவக வீதிகளில் தாழ்த்தப்பட்ட கார்: ஸ்பிறிங்கும் சொக் அப்சோபரும் வாங்குவோர் அறியவேண்டியவை

யாழ்ப்பாண நகரிலிருந்து தீவகம் நோக்கிச் செல்லும் கார், பண்ணைக் கடலின் நடுவே இடப்பட்ட தாம்போதியைக் கடந்து வேலணைத் தீவை அடைகிறது. அங்கிருந்து ஒரு வீதி ஊர்காவற்றுறைக்கும், மற்றொன்று இன்னொரு நீண்ட தாம்போதியின் வழியே புங்குடுதீவுக்கும் அதன் முனையிலுள்ள குறிகட்டுவான் இறங்குதுறைக்கும் செல்கின்றன. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் அதற்கப்பால் கடல்வழியே பயணம். இருபுறமும் உவர்க்காற்று வீசுவதும், மாரியில் நீர் தேங்கி ஓரங்கள் அரிந்து குழி விழுவதுமான இத்தகைய வீதிகளில், காரின் அடிப்பாகத்துக்கும் தரைக்கும் இடையிலுள்ள இடைவெளி உள்ளே இருப்போரின் பாதுகாப்போடு நேரடியாகத் தொடர்புடையது. அந்த இடைவெளியைக் குறைத்துக் காரைத் தாழ்த்த விரும்புவோர், குறிப்பாகச் சிறு தொகையில் அதைச் செய்ய எண்ணுவோர், எதைக் கொடுத்து எதைப் பெறுகின்றனர் என்பதையும், ஏமாற்றப்பட்டால் சட்டம் தங்களுக்கு என்ன வழி வைத்திருக்கிறது என்பதையும் முன்கூட்டியே அறிந்திருப்பது அவசியம்.

இரண்டு உறுப்புகள், இரண்டு வேலைகள்

காரின் எடையைத் தாங்குவதும், குழியில் சக்கரம் இறங்கும்போதும் மேட்டில் ஏறும்போதும் சுருங்கி விரிவதும் ஸ்பிறிங்கின் வேலை. சுருங்கிய ஸ்பிறிங் தானாக விடப்பட்டால் பலமுறை மேலும் கீழுமாக ஆடிய பின்னரே ஓயும்; அந்த ஆட்டத்தை அடக்குவது சொக் அப்சோபர். அதனுள்ளே இருக்கும் எண்ணெய் சிறு துளைகளின் வழியே நெருக்கித் தள்ளப்படும்போது, ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாக மாறி வெளியேறுகிறது. எண்ணெய் கசிந்துபோன சொக் அப்சோபர் கொண்ட காரில் சக்கரம் வீதியைப் பற்றி நிற்காமல் துள்ளுவதால், பிறேக் பிடித்தாலும் கார் நிற்பதற்கு எடுக்கும் தூரம் கூடுகிறது.

காரைத் தாழ்த்துவதற்கென்று செய்யப்படும் ஸ்பிறிங், மூல ஸ்பிறிங்கைவிடக் குட்டையாகவும் இறுக்கமாகவும் இருக்கும். கார் தாழ்ந்ததும் சக்கரம் மேலெழும்புவதற்கான இடம் குறைவதால், அக்குறைந்த இடத்துக்குள்ளேயே அதிர்ச்சியைத் தாங்கும் வகையில் அது இறுக்கமாக்கப்படுகிறது. அந்த இறுக்கத்தை அடக்கும் வலிமை பழைய சொக் அப்சோபரிடம் இல்லாவிட்டால் அது விரைவில் தேய்ந்து கசியத் தொடங்கும் என்பதால், ஸ்பிறிங்கையும் சொக் அப்சோபரையும் ஒன்றுக்கொன்று பொருத்தமான இணையாகவே கருதவேண்டும்.

மலிவான வழியின் விலை

பணம் குறைவாக உள்ளோருக்குக் கராஜ்களில் சொல்லப்படும் வழிகள் பெரும்பாலும் இரண்டு. ஒன்று மூல ஸ்பிறிங்கின் ஒரு சுற்றையோ இரண்டையோ வெட்டிவிடுவது. மற்றது ஸ்பிறிங்கைத் தீயில் சூடாக்கி அமர்த்துவது. முதலாவதில், சுற்றுகளின் எண்ணிக்கை குறையக் குறைய ஸ்பிறிங்கின் இறுக்கம் கூடும்; ஆறு சுற்றுகள் வேலை செய்யும் ஸ்பிறிங்கில் ஒன்றை நீக்கினால் இறுக்கம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உயர்கிறது. அதைவிட ஆபத்தானது, வெட்டிய முனை அதற்குரிய தட்டில் சீராக அமராமல், சக்கரம் குழியில் தொங்கும் கணத்தில் இடம் பெயரக்கூடியதாக இருப்பது. இரண்டாவதில், உருக்குக்கு வலிமை தந்த பதம் தீயில் அழிந்துவிடுவதால், ஸ்பிறிங் நாளடைவில் தொய்கிறது அல்லது முறிகிறது.

தீவகத்தில் இந்த ஆபத்து மேலும் பெரியது. ஸ்பிறிங்கின் மேற்பூச்சு உப்புக்காற்றிலிருந்து உருக்கைக் காக்கும் கவசம். வெட்டும்போதும் சூடாக்கும்போதும் அந்தக் கவசம் போய்விடுகிறது. துரு அரித்த சிறு பள்ளத்திலிருந்தே வெடிப்பு தொடங்கி, ஒவ்வொரு அதிர்விலும் சிறிது சிறிதாக வளர்ந்து, ஒருநாள் பாரம் ஏற்றிய வேளையில் ஸ்பிறிங்கை இரண்டாக்கிவிடும்.

நயினாதீவு நாகபூசணி அம்மன் ஆலயத்தின் ஆனி மாத மகோற்சவக் காலத்தில் குறிகட்டுவான் நோக்கி வரும் கார்களில் குடும்பம் முழுவதும், பைகளும் பூசைப் பொருட்களுமாக, ஏறியிருப்பது வழக்கம். வெறுமையாக நிற்கும்போது அழகாகத் தோன்றும் உயரம் அந்தப் பாரத்தில் மேலும் இறங்கி, ஒவ்வொரு வேகத்தடையிலும் சக்கரத்தின் அசைவுக்கு எல்லை வைக்கும் றப்பர்த் தடுப்பில் முட்டுகிறது. சக்கரங்களின் சாய்வு மாறுவதால் ரயரின் உட்பக்கம் தேய்கிறது. எண்ணெய்த் தொட்டி தரையில் அடிபடும் வாய்ப்புக் கூடுகிறது. பின்புறம் முன்புறத்தைவிட அதிகமாகத் தாழ்ந்தால் முன்விளக்கின் ஒளி எதிரே வருபவரின் கண்ணில் விழுகிறது. எனவே இந்த மாற்றத்தின் விளைவை ஏற்பவர் காரின் உரிமையாளர் மட்டுமல்லர். இரவில் விளக்கின்றித் தாம்போதியில் சைக்கிள் மிதித்துவரும் முதியவரும் அதை ஏற்கிறார்.

சிறு தொகையைச் செலவிடும் ஒழுங்கு

2020 மார்ச் முதல் 2025 தொடக்கம் வரை வாகன இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலத்தில், மக்கள் பழைய ஜப்பானியக் கார்களையே நீண்டகாலம் பேணவேண்டியிருந்தது. அத்தகைய கார்களில் சொக் அப்சோபர்களும் றப்பர் புஷ்களும் ஏற்கெனவே தேய்ந்திருப்பது இயல்பு. ஆகவே கையிலுள்ள பணத்தின் முதற் பங்கு, மூல உயரத்திலேயே காரை உறுதியாக்கும் புதிய சொக் அப்சோபர்களுக்கும் புஷ்களுக்கும் செல்லவேண்டும்; வளைவில் கார் சாய்கிறது, வேகத்தில் அலைகிறது என்று குறைப்படுவோர் பலருக்கு இதுவே போதிய தீர்வாக அமையும்.

அதன் பின்னரும் தாழ்த்த விரும்புவோர், குறித்த மொடலுக்கென்றே செய்யப்பட்ட ஸ்பிறிங்கைத் தெரிவுசெய்து, 25 அல்லது 30 மில்லிமீற்றருக்கு மேல் இறக்காமல் இருப்பது நல்லது; அதற்கு மேல் இறக்கினால் குறுகிய அசைவுக்கென அமைக்கப்பட்ட சொக் அப்சோபர் தேவைப்படும், செலவும் பன்மடங்காகும். ஒரு பக்கத்தை மட்டும் மாற்றாமல், முன் இரண்டையோ பின் இரண்டையோ சோடியாகவே மாற்றவேண்டும். வேலை முடிந்ததும் சக்கரச் சீரமைப்பும் விளக்குச் சீரமைப்பும் செய்யப்படவேண்டும் என்பதால், அவற்றின் கூலியையும் முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொள்வது நல்லது.

கொழும்புப் பஞ்சிகாவத்தை போன்ற சந்தைகளிலிருந்து வரும் பாவித்த பாகங்களை வாங்குவோர், தண்டில் துருப்புள்ளி இருக்கிறதா, உடலில் எண்ணெய்க் கசிவின் அடையாளம் உண்டா, கசிவு துடைத்து வர்ணம் பூசி மறைக்கப்பட்டிருக்கிறதா என்று பகலொளியில் பார்க்கவேண்டும். ஸ்பிறிங்கின் முனை வெட்டப்பட்டதாகத் தெரிந்தால் அதை வாங்கக்கூடாது. பெயர்பெற்ற நிறுவனத்தின் பெட்டியில் அடைக்கப்பட்ட போலிப் பொருளும் சந்தையில் உலவக்கூடும் என்பதால், பெட்டியிலுள்ள பாக இலக்கமும் பொருளில் பொறிக்கப்பட்ட இலக்கமும் ஒன்றா என்று ஒப்பிட்டுப் பார்ப்பது பயன்தரும்.

இந்தக் கார்கள் பிறந்த ஜப்பானில், காரின் அடிப்பாகம் பொதுவாகத் தரையிலிருந்து 9 சென்ரிமீற்றராவது உயர்ந்திருக்கவேண்டும் என்றும், சக்கரம் தொங்கும்போது ஸ்பிறிங் தளர்ந்து ஆடக்கூடாது என்றும் பரிசோதனையில் பார்க்கப்படுகிறது. கராஜில் காரை ஜக் வைத்து உயர்த்தி, ஸ்பிறிங்கைக் கையால் அசைத்துப் பார்க்கும் இந்தச் சோதனைக்குச் செலவு எதுவுமில்லை. சுவிற்சர்லாந்திலும் ஜேர்மனியிலும் இத்தகைய மாற்றங்கள் அங்கீகாரச் சான்றும் பரிசோதனையும் கோருபவை என்பதைப் புலம்பெயர்ந்த தீவக இளைஞர் அறிவர்; எனினும் அவர்கள் அனுப்பும் பாகத்தோடு வரும் அந்நாட்டுச் சான்று இலங்கைச் சட்டத்தின் கீழான அனுமதி ஆகாது.

சட்டம் விதிக்கும் கடமையும் தரும் உரிமையும்

1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ், பதிவுப் புத்தகத்திலுள்ள விபரங்களை மாற்றும் திருத்தங்கள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்கப்படவேண்டும். வீதியில் ஓடத் தகுதியற்றது எனக் காணப்படும் வாகனம் பரிசோதகரிடம் அனுப்பப்படவும் ஓட்டத் தடைசெய்யப்படவும் கூடும். 2025 ஜனவரியில் ‘கிளீன் ஸ்ரீலங்கா’ திட்டத்தோடு பொலிஸார் வாகனங்களின் மேலதிக மாற்றங்கள் மீது கடுமை காட்டத் தொடங்கியதையும் நினைவிற்கொண்டு, வேலைக்கு முன்னரே மாவட்ட மோட்டார் போக்குவரத்து அலுவலகத்தில் விளக்கம் பெறுவது நல்லது. காப்புறுதி நிறுவனத்துக்கும் மாற்றத்தை எழுத்தில் அறிவிக்கவேண்டும். மறைக்கப்பட்ட மாற்றம் விபத்தின் பின் இழப்பீட்டை மறுக்கக் காரணமாகலாம்.

வாங்குபவரின் பக்கத்தில் நிற்கும் சட்டங்கள் இரண்டு. 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச்சட்டத்தின்படி, இன்ன தேவைக்கு வேண்டும் என்று சொல்லி, விற்பனையாளரின் தொழில் அறிவை நம்பி வாங்கிய பொருள், அத்தேவைக்கு உகந்ததாக இருக்கவேண்டும். ஆகவே காரின் மொடல், ஆண்டு, செசி இலக்கம், ‘முன்பக்கத்துக்கு’ அல்லது ‘பின்பக்கத்துக்கு’ என்ற குறிப்பு ஆகியவை பற்றுச்சீட்டில் எழுதப்படுமாறு கேட்பது, அந்த உரிமைக்கான சான்றைச் சேர்ப்பதாகும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், கேட்டால் பற்றுச்சீட்டு வழங்கும் கடமையை வர்த்தகர் மீது சுமத்துகிறது. பொருளைப் பற்றிய பொய்யான கூற்றைத் தடைசெய்கிறது. சேவை வழங்குவோர் உரிய கவனத்தோடும் திறனோடும் வேலை செய்யவேண்டும் எனவும் எதிர்பார்க்கிறது. பொருளை விற்ற கடைக்கு மட்டுமன்றி அதைப் பொருத்திய கராஜுக்கும் பொறுப்பு உண்டு என்பதே இதன் பொருள்.

குறை நேர்ந்தால்

பொருத்திய பாகம் கசிந்தாலோ முறிந்தாலோ முதலில் காரை ஓட்டாமல் நிறுத்தி, கழற்றும் முன்னும் பின்னும் படம் எடுத்து, கழற்றிய பாகத்தை எறியாமல் வைத்துக்கொள்ளவேண்டும். அடுத்து, விற்றவரிடம் எழுத்தில் முறையிட்டு, மாற்றுப் பொருளையோ பணத்தையோ கோரவேண்டும். அதற்கு இணங்காவிட்டால், பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் ஆலோசனை பெற்று, வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்துமூல முறைப்பாட்டைக் கையளிக்கவேண்டும்; விசாரணையின் பின் இழப்பீடு வழங்குமாறோ பணத்தைத் திருப்பிக் கொடுக்குமாறோ கட்டளையிடும் அதிகாரம் அச்சபைக்கு உண்டு. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த மத்தியஸ்த சபையை நாடுவது சிறு தொகைப் பிணக்குகளுக்குச் செலவு குறைந்த வழி.

கடல் கடந்து வந்து யாழ்ப்பாணத்தில் பாகம் வாங்கும் நெடுந்தீவு வாசிக்கு, அதை மாற்றித் தரக் கேட்டு மீண்டும் வருவது ஒரு நாள் உழைப்பை இழப்பதாகும். அந்த அலைச்சலுக்கு அஞ்சிப் பலர் பேசாமல் இருந்துவிடுவதே தரமற்ற பொருளை விற்போருக்குத் துணையாகிறது. மொடலும் இலக்கமும் தெளிவாக எழுதப்பட்ட பற்றுச்சீட்டு, வாகன வருமான அனுமதிப்பத்திரத்தைப் போலவே கவனமாகப் பேணத்தக்க ஆவணம். நள்ளிரவில் நோயாளியொருவரை ஏற்றிக்கொண்டு தாம்போதி வழியே யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு விரையவேண்டி வரும்போது, ஊரார் நம்புவது அந்தக் காரின் உறுதியையே. ஸ்பிறிங் வாங்கும் கடையில் நின்று முடிவெடுப்பவர் அந்த இரவையும் எண்ணிப் பார்க்கவேண்டும்.