அல்லூற்று நத்தையும் அம்மாவின் பசுவும்

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அல்லூறு என்றால் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. லயத்துக்குப் பின்னால் ஓடும். மழை நாளில் பொங்கும்; வெயில் நாளில் பாசி படர்ந்து அசையாமல் கிடக்கும். அந்தப் பாசியைக் கையால் விலக்கினால் சின்னஞ்சிறு நத்தைகள் ஒட்டிக்கொண்டிருக்கும். எங்கள் காலத்துப் பெண் பிள்ளைகள் காய்ந்த ஓடுகளைப் பொறுக்கி வந்து, பல்லாங்குழிக்குச் சோழி போல வைத்துக்கொள்வார்கள்.

அவற்றில் இரண்டு வகை உண்டு. ஒன்று, சுருட்டி வைத்த கயிறு போலத் தட்டையாக இருக்கும். நன்றாக வளர்ந்தது இருபது காசு நாணயத்தின் அகலம் வரும். மற்றொன்று மெல்லிய ஓடும் கூரிய நுனியும் உடையது. விரலால் அழுத்தினாலே நொறுங்கிவிடும். நெகிரி செம்பிலான் மலாய்க்காரர்கள் தேங்காய்ப் பாலும் காரமும் சேர்த்துச் சமைத்து உறிஞ்சிச் சாப்பிடும் ‘சிப்புட் செடுட்’ இவையல்ல. அதற்கு வாயில் மூடி உண்டு. மீனைப் போலச் செவுளால் மூச்சு விடும். நம் அல்லூற்று நத்தைகளுக்கு மூடியும் இல்லை, செவுளும் இல்லை. நம்மைப் போல நுரையீரல்தான்! அடிக்கடி நீர்மட்டத்துக்கு வந்து காற்றை நிரப்பிக்கொண்டு மறுபடி உள்ளே போகும். அதனால்தான் மீன் வாழ முடியாத அழுக்குத் தண்ணீரிலும் இவை சுகமாக வாழ்கின்றன.

தட்டை நத்தையை நசுக்கினால் சிவப்பாகக் கசியும். நம் இரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தருகிற ஹீமோகுளோபின்தான் அதன் உடம்பிலும் ஓடுகிறது. அறிவியல் நூல்களில் அதன் பெயர் ‘இந்தோபிளனோர்பிஸ்’. பெயரிலேயே இந்தியா இருக்கிறது பாருங்கள்! தமிழ்நாட்டுக் குளத்திலும் இலங்கை வயலிலும் இருப்பது இதே நத்தைதான். ஒரே உடம்பில் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. ஒரே ஒரு நத்தை ஒரு குட்டையில் விழுந்தால் போதும், துணை இல்லாமலே குடும்பம் பெருகிவிடும். நான்கு மாத ஆயுளில் 800 முட்டைகள் வரை இடும் என்கிறார்கள்.

இந்த நத்தையைப் பற்றி நான் எழுத வந்ததற்குக் காரணம் எங்கள் வீட்டுப் பசு.

1976ஆம் ஆண்டு. ரெம்பாவ் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். அப்பாவும் அம்மாவும் பால் வெட்டினார்கள். ஆனாலும் பள்ளிக்கூடச் செலவும் தீபாவளித் துணியும் பசு கொடுத்த பால் காசில்தான் நடந்தன. கிராணி வீட்டுக்கும் கடைக்கும் காலையில் பால் ஊற்றுவோம். புல் அறுப்பது என் வேலை. அந்த ஊர்களின் அமைப்பு உங்களுக்குத் தெரியும்: மேட்டில் ரப்பர், பள்ளத்தில் மினாங்கபாவ் மக்களின் நெல்வயல். ரெம்பாவ், கோலா பிலா, ஜெலெபு எல்லாம் அப்படித்தான். தோட்டத்துக்கும் வயலுக்கும் இடையில் பயிரிடாமல் விட்ட பாசாக்காடு ஒன்று இருந்தது. அங்கே புல் முழங்கால் உயரத்துக்குப் பச்சைப்பசேலென்று நிற்கும். தண்ணீரில் நின்று அடியோடு அறுத்துக் கட்டுவேன்.

பசு மெல்ல மெல்ல இளைத்தது. பால் பாதியாகக் குறைந்தது. கண்ணின் உள்பக்கம் வெளுத்தது. ஒரு நாள் தாடைக்கு அடியில் பை தொங்கினாற்போல வீக்கம். கண்ணேறு என்றார்கள், மிளகாய் சுற்றிப் போட்டார்கள். பிறகு மிருக வைத்திய இலாகாவிலிருந்து ஒருவர் வந்து பார்த்தார். காலம் கடந்துவிட்டது. பசு இறந்த பிறகு அவர் ஈரலை அறுத்துக் காட்டினார். பித்தக் குழாய்களுக்குள் இலை போலத் தட்டையான புழுக்கள், விரல் நீளத்துக்கு! “புல் எங்கே அறுக்கிறாய் தம்பி?” என்று கேட்டார். நான் பாசாக்காட்டைக் காட்டினேன். அம்மா ஒன்றும் பேசவில்லை.

அந்தப் புழுவின் பயணம் கதை போல இருக்கும். 1880களில் ஜெர்மனியில் லாய்க்கார்ட்டும் இங்கிலாந்தில் தாமசும், ஆட்டு ஈரலைக் கெடுக்கும் இதன் உறவுக்காரப் புழுவை ஆராய்ந்து அந்தப் பயணத்தைக் கண்டுபிடித்தார்கள். ஈரலில் இருக்கும் புழு இடும் முட்டை சாணத்தோடு வெளியே வருகிறது. சாணம் தண்ணீரில் கரைந்தால் முட்டை பொரிந்து, கண்ணுக்குத் தெரியாத குஞ்சு நீந்துகிறது. ஒரு நாளுக்குள் ஒரு நத்தை கிடைக்காவிட்டால் அது செத்துப்போகும். நம் நாட்டில் அதற்கு வீடு கொடுப்பது அந்தக் கூர் நுனி நத்தைதான். நத்தைக்குள் ஒன்று பலவாகப் பெருகி, இரண்டு மாத அளவில் வெளியேறி, நீரோரப் புல்லின் தண்டில் ஒட்டிக் கூடு கட்டிக்கொள்கிறது. அந்தப் புல்லை மாடு தின்றால் குடலைத் துளைத்து ஈரலுக்குப் போகிறது. அங்கே முற்ற மூன்று மாதத்துக்கு மேல் ஆகும். தின்றது ஒரு பருவத்தில், நோய் தெரிவது இன்னொரு பருவத்தில். யார்தான் புல்லைச் சந்தேகிப்பார்கள்?

தட்டை நத்தையும் சும்மா இருப்பதில்லை. மாடு, எருமைகளின் இரத்தக் குழாயில் வாழும் வேறொரு புழுவை அது வளர்க்கிறது. லிஸ்டன், சோபார்க்கர் என்ற இருவர் 1918இல் இந்தியாவில் இதை எழுதி வைத்தார்கள். அந்தப் புழுவின் குஞ்சு வயலில் இறங்கியவர் காலை மாட்டுக்கால் என்று எண்ணித் துளைத்துவிடும். மலாயா விவசாயிகளின் கால் அரிப்புக்கு இதுவே காரணம் என்று 1938இல் பக்லி என்பவர் அறிவித்தார். 1966இல் பாஷ் என்பவர், வாத்துகளிடமிருந்து கூர் நுனி நத்தை வழியாக வரும் இன்னொரு புழுவையும் மலாயாவில் கண்டு எழுதினார். அதன் குஞ்சும் மனிதத் தோலில் இதே அரிப்பைத்தான் உண்டாக்கும்.

தாய்மார்கள் பயப்பட வேண்டாம். மனித உடம்பு இவற்றுக்கு ஏற்ற வீடு அல்ல; தோலிலேயே செத்துவிடும். சிவந்த தடிப்பும் அரிப்பும் சில நாளில் அடங்கும். முன்பே பட்டவருக்கு அடுத்த முறை அதிகமாகத் தடிக்கும். சொறிந்து புண்ணாக்காமல் கலமைன் தடவினால் போதும். ஆப்பிரிக்காவில் இதே குலத்துப் புழுக்கள் மனிதருக்குள்ளேயே குடியிருந்து பில்ஹார்சியா என்ற கொடிய நோயைத் தருகின்றன. நம் வயல் அரிப்பு அதுவல்ல.

மாடு வளர்ப்போர் செய்ய வேண்டியது பெரிய காரியம் ஒன்றுமில்லை. சாணத்தை அல்லூற்றில் தள்ளக் கூடாது. முதல் வழி அதுதான். நீரோரப் புல்லை அடியோடு அறுக்காமல், தண்ணீருக்கு நன்றாக மேலே நிற்கும் பாகத்தை மட்டும் அறுக்க வேண்டும். இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் காயப் போட்டால் கூடுகள் சாகும். மாடு இளைத்தால் மிருக வைத்தியரிடம் சொல்லி மருந்து கொடுக்கலாம். இன்று ட்ரைக்ளபென்டசோல் போன்ற நல்ல மருந்துகள் இருக்கின்றன. ஈரப் புல்லில் ஒட்டுவது கங்கோங் தண்டிலும் ஒட்டும். அதைப் பச்சையாகத் தின்னாமல் வேகவைத்துச் சாப்பிடுங்கள்.

வாத்து வளர்த்தால் நத்தை ஒழியும் என்பார்கள். அதில் ஒரு வேடிக்கை உண்டு. 1990களில் ஜாவாவில் வாத்துச் சாணத்தையும் மாட்டுச் சாணத்தையும் வயலில் கலந்து பார்த்தார்கள். வாத்தின் குடலில் வாழும் ஒரு புழுவின் குஞ்சுகள் அதே நத்தைக்குள் புகுந்து, ஈரல் புழுவின் குஞ்சுகளைக் கடித்துத் தின்றுவிட்டன! மாட்டுக்கு லாபம்தான். ஆனால் வாத்து இறங்கிய தண்ணீரில் நாம் வெறுங்காலோடு நின்றால் அரிப்பு வரலாம். பூட்ஸ் போட்டுக்கொள்வதே நல்லது.

எங்கள் வீட்டில் அடுத்த ஆண்டு அம்மா சங்கிலியை அடகு வைத்து ஒரு கிடேரி வாங்கினார். அதற்கு முன்பே அப்பா கொட்டகைக்கு அருகில், வெயில் விழும் இடத்தில் மூங்கில் பரண் கட்டிவிட்டார். பாசாக்காட்டுப் பக்கம் நான் போகவில்லை. ரப்பர் நிரையில் முளைத்த புல்லைத்தான் அறுத்தேன். போதாத நாளில் வயலோரப் புல்லைப் பரணில் உலர்த்திப் போடுவோம். பச்சைப் புல் கேட்டு அந்தக் கிடேரி முதலில் அடம் பிடித்தது; பிறகு பழகிக்கொண்டது. எங்கள் வீட்டில் ஐந்து ஈத்து ஈன்றது.